ஆயாவின் வயதைக் கணக்கிடுதல்: நினைவு மலர்த் தொழிலின் அனுபவக் குறிப்புகள்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையில், வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் இடையே அமைந்த செவ்வாப்பேட்டை ரோடு நிலையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், நெடுங்காலம் வாழ்ந்து மறைந்த ஒரு மூதாட்டியை அவர் குடும்பம் நினைவுகூரும் முறை பெரும்பாலும் அச்சுத்தாளின் வழியே நிகழ்கிறது. இறந்த அன்றே சுவரில் ஏறும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவினரை அழைக்கும் கருமக்கிரியைப் பத்திரிகை, ஆர்வமும் வசதியும் உள்ள குடும்பங்கள் முதலாண்டு நினைவு நாளில் வழங்கும் நினைவு மலர் என்னும் சிறு நூல் ஆகிய மூன்றும் ஒரே கடையில், பல நேரம் ஒரே ஆளின் கையால், எழுதி வடிவமைத்து அச்சிடப்படுகின்றன. இத்தொழிலில் நெடுநாள் இருப்பவர் எவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு செய்தி உண்டு: இறந்தவர் எண்பது கடந்த பெண்ணாக இருந்தால், வேலையின் பெரும்பகுதி அவருடைய வயதைக் கண்டுபிடிப்பதிலேயே கழிகிறது, அந்தத் தேடலுக்குள்தான் அவருடைய வாழ்க்கை வரலாறு முழுவதும் பொதிந்து கிடக்கிறது.

சுவரொட்டிக்கு அவகாசம் மிகக் குறைவு. விடியற்காலையில் உயிர் பிரிந்தால், வெளியூர் உறவினர் வந்திறங்குவதற்குள் தெருமுனையிலும் நிலையத்துக்குச் செல்லும் சாலையிலும் தாள் ஒட்டியாக வேண்டும் என்பதால், செல்பேசியில் வந்து சேரும் படம், பெயர், வயது, அடக்கம் செய்யும் நேரம் என்னும் நான்கு விவரங்களைக் கொண்டு ஓரிரு மணி நேரத்தில் பணி முடிக்கப்படுகிறது. வாசகம் குடும்பத்தின் நெறிக்கேற்ப மாறும். சைவக் குடும்பத்தார் சிவபதவி அடைந்தார் என்றும், வைணவர் பரமபதம் அடைந்தார் என்றும், கிறித்தவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றும், பகுத்தறிவுக் கொள்கையினர் இயற்கை எய்தினார் என்றும் எழுதச் சொல்வார்கள். பேரன் பேத்திகளையும் அவர்களுடைய பிள்ளைகளையும் கண்டு நிறைவாழ்வு வாழ்ந்தவரின் இறப்பை ஊர் வழக்கில் கல்யாணச் சாவு என்பர். அத்தகைய வீட்டில் மேளம் பெரிதாக ஒலிக்கும், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பார்கள், சுவரொட்டியின் அளவும் பெரிதாகும்.

அந்த நான்கு விவரங்களுள் வயது ஒன்றே வீட்டுக்குள் விவாதத்தை எழுப்புவது. மூத்த மகன் தொண்ணூறு என்பார், மகள் எண்பத்தாறு என்பார், பேரன் ஆதார் அட்டையை எடுத்து எண்பத்து மூன்று என்பார். மூவரும் பொய் சொல்வதில்லை. பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்வதைக் கட்டாயமாக்கிய நடுவணரசின் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டுத் தமிழ்நாட்டில் 1970 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய சென்னை மாகாணத்திலும் பதிவேடுகள் இருந்தன என்றாலும், மருத்துவச்சியின் கையில் வீட்டிலேயே பிறந்த குழந்தைகள் பலர் அவற்றில் ஏறவில்லை. ஏறியவர்களுக்கும் பெயர் எழுதப்படாமல் தந்தை பெயரும் பெண் குழந்தை என்ற குறிப்பும் மட்டுமே இருப்பதுண்டு. பள்ளிக்குச் சென்றிருந்தால் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு தேதி கிடைத்திருக்கும். இப்பகுதியில் 1930-களில் பிறந்த உழவர் வீட்டுப் பெண்களுள் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பும் அமையவில்லை.

எனவே, அவர்கள் கையில் உள்ள ஆவணங்கள் அனைத்தும் முதுமையில் வந்தவை. புகைப்பட வாக்காளர் அட்டை 1993-இல் அறிமுகமானபோது, அதில் பிறந்த தேதிக்கு மாறாக, குறிப்பிட்ட ஆண்டின் சனவரி முதல் நாளன்று இத்தனை வயது என்றே அச்சிடப்பட்டது. அவ்வயதோ, வீட்டுக்கு வந்த கணக்கெடுப்பாளர் பார்வையாலும் வீட்டார் வாய்மொழியாலும் தீர்மானித்தது. இவ்வாறு சொல்லப்படும் வயதுகள் ஐந்திலும் பூச்சியத்திலும் முடியும் எண்களில் அளவுக்கு மீறிச் சேர்வதை மக்கள்தொகையியலார் வயதுக் குவிதல் என்பர். அதன் கடுமையை அளக்க விப்பிள் குறியீடு என்ற அளவுகோலையும் வைத்துள்ளனர். குவிதல் சிறிதும் இல்லாத மக்கள்தொகைக்கு அக்குறியீட்டின் மதிப்பு 100. அனைவரும் ஐந்திலும் பூச்சியத்திலும் முடியும் வயதையே சொன்னால் அது 500. முதியோர் உதவித்தொகைத் திட்டம் தமிழ்நாட்டில் 1962-இல் தொடங்கியதிலிருந்து, தகுதிக்குரிய வயதை எட்டும்படி ஓரிரு ஆண்டுகள் கூட்டிச் சொன்ன ஏழைப் பெண்களும் உண்டு. வறுமையில் சொல்லப்பட்ட அந்தக் கூடுதல் ஆண்டுகளை யாரும் குற்றமாகக் கருதலாகாது. ஆனால் கணக்கிடுபவர் அவற்றை நினைவில் கொள்ளாமல் இருக்கவும் கூடாது. ஆதாரில், தேதி தெரியாதோருக்கு ஆண்டு மட்டுமோ சனவரி முதல் நாளோ பதிவானது. இறுதியாக, இறந்த 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் பதியப்படும் வயதும் வீட்டார் சொன்னதே என்பதால், சுவரொட்டியில் ஓர் எண்ணும் இறப்புச் சான்றிதழில் வேறோர் எண்ணும் நிலைத்துவிடுகின்றன.

சுவரொட்டிக்கு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நேரமில்லை. நினைவு மலருக்கு நேரம் உண்டு. அங்கே பயன்படுவது நிகழ்ச்சி நாட்காட்டி என்னும் முறை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் மருத்துவ ஆய்வுகளிலும் வயதறியாதோரிடம் கையாளப்படும் இம்முறையில், ஆண்டு உறுதியாகத் தெரிந்த உள்ளூர் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திக்கொண்டு, ஒவ்வொன்றின்போதும் அந்தப் பெண் எந்தப் பருவத்தில் இருந்தார் என்று கேட்கப்படுகிறது. திருவள்ளூர் வட்டாரத்துக்கு இவ்வரிசை வளமாகவே அமைந்துள்ளது. ஜப்பானியர் படையெடுப்பு நேரும் என்று அஞ்சிச் சென்னை நகரத்து மக்கள் ரயிலேறி உள்ளூர்களுக்குக் கிளம்பியது 1942 ஏப்ரலில். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் பெருமழை கொட்டிக் கூவம் கரைபுரண்டதும், ஜப்பானிய விமானம் ஒன்று சென்னையில் குண்டு வீசியதும் 1943 அக்டோபரில். கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது 1944-இல். அரிசிக் கட்டுப்பாட்டை இராஜாஜி நீக்கியது 1952-இல். அணாக் கணக்கு மாறி நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். திருத்தணி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது 1960 ஏப்ரலில். எட்டுக் கோள்கள் ஒரே ராசியில் கூடுவதால் உலகம் அழியும் என்று அஞ்சி ஊர் ஊராகக் கோயில்களில் பூசை நடந்த அஷ்டக்கிரகச் சேர்க்கை 1962 பிப்ரவரியில். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரியில்.

இவற்றுள் மிகுந்த பயன் தருவது அஷ்டக்கிரகமே. அரசியல் நிகழ்ச்சிகளை ஆண்கள் தேதியோடு சொல்வார்கள்; வயலும் அடுப்பும் தொழுவமுமாக இருந்த பெண்களோ, தங்கள் பிள்ளைகளின் உயிருக்கு அச்சம் வந்த நாளை மறப்பதில்லை. அந்த இரவில் இடுப்பில் இருந்தது எந்தப் பிள்ளை, அது தவழ்ந்ததா நடந்ததா என்று கேட்டால் தயங்காத விடை கிடைக்கிறது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருக்கும். அதிலிருந்து தாயின் வயதை நோக்கிப் பின்னோக்கிச் செல்லலாம். பட்டணத்துச் சனம் மூட்டை முடிச்சோடு வந்திறங்கியபோது ஆயா பாவாடை கட்டிய சிறுமி என்று ஒரு செய்தியும், பூண்டி ஏரி வேலை முடிந்த பிறகுதான் வயதுக்கு வந்தார் என்று மற்றொரு செய்தியும் கிடைத்தால், பிறந்த காலம் 1930-க்கும் 1934-க்கும் இடையில் என்று வரையறுக்க முடிகிறது. ஒரே நிகழ்ச்சியை நம்பி ஆண்டு குறிப்பது தவறு. பெரிய நிகழ்ச்சிகள் தம்மைச் சுற்றியுள்ள சிறிய நினைவுகளைத் தம்பக்கம் இழுத்துக்கொள்ளும்; தாய் சொல்லிக் கேட்ட கதையும் தான் கண்டதாகவே மனத்தில் படிந்துவிடும். 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சென்னை மீது குண்டு வீசியதைத் தாமே பார்த்ததாகச் சொன்ன முதியவர்களுள் சிலர், மற்றக் குறிப்புகளோடு ஒப்பிட்டால், அப்போது பிறந்திருக்கவே முடியாது.

யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு தெளிவு தேவைப்படுகிறது. மலருக்கான செய்தியைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் மூத்த மகன். அவருக்குத் தாயின் வாழ்க்கை தம்முடைய பிறப்பிலிருந்துதான் தெரியும். அதற்கு முந்தைய பகுதியை அறிந்தோர் தங்கையும், நாத்தனாரும், அதே வீட்டுக்கு மருமகளாக வந்த ஓரகத்தியுமே. ஓரகத்தி உயிரோடிருந்தால் அவரிடம் ஒரு பிற்பகல் அமர்ந்து கேட்பது எல்லா ஆவணங்களையும்விட மேலானது. வந்த நாளில் வீட்டில் எத்தனை மாடு, மாமியார் எப்படிப்பட்டவர், முதல் பிரசவம் எங்கே என்று அவர் சொல்லத் தொடங்கினால், அதுவரை பெயரும் படமுமாக மட்டும் இருந்தவர் ஒரு முழு மனுஷியாக எழுந்து வருவார்.

சிலர் வீட்டில் பிறந்த வருஷத்தின் தமிழ்ப் பெயர் மட்டும் நினைவிருக்கும். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது பெயர்கள் சுழன்று வருவதால், ஒரு பெயர் அறுபது ஆண்டுகளுக்கு ஒரு முறை திரும்பும். தாது வருஷம் என்றால் பெரும்பஞ்சம் தொடங்கிய 1876-77-உம் ஆகும், 1936-37-உம் ஆகும், 1996-97-உம் ஆகும். மூதாட்டியின் தலைமுறையைக் கொண்டு நடுவிலுள்ளதைத் தேர்வதில் இடர் இல்லை. பிழை நேர்வது வேறோரிடத்தில். தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் தொடங்குவதால், தாது வருஷம் தை மாதம் பிறந்தவரின் ஆங்கில ஆண்டு 1937 ஆகும். அதை 1936 என்று எழுதிய மலர்கள் மிகப் பல. ஆயிரம் பிறை கண்டவர் என்று அச்சிடச் சொல்லும்போதும் இந்தக் கணக்கு தேவைப்படுகிறது. ஒரு முழுநிலவிலிருந்து மறு முழுநிலவுக்குச் சராசரி 29.53 நாட்கள் என்பதால், ஆயிரம் முழுநிலவுகளுக்கு ஏறத்தாழ 80 ஆண்டு 10 மாதம் ஆகும். சதாபிஷேகம் என்னும் சடங்கு எண்பதாம் ஆண்டையொட்டி நடப்பதற்கு இதுவே அடிப்படை.

பிள்ளைகளின் வரிசையை எழுதுவது மலரின் முதுகெலும்பு. மானிடவியலில் இதற்கென ஒரு முறையை வகுத்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ்; 1898-இல் டாரஸ் நீரிணைத் தீவுகளில் தொடங்கிய அம்முறையை அவர் 1901-02-இல் நீலகிரியில் தோடர்களிடையே விரிவாகக் கையாண்டு, 1906-இல் தோடர் பற்றிய பெருநூலாக வெளியிட்டார். சித்தி, பெரியம்மா, அத்தை போன்ற பொதுச்சொற்களை முதலில் ஒதுக்கி வைத்து, தந்தை, தாய், பிள்ளை, கணவன், மனைவி என்னும் மிகச் சில சொற்களை மட்டும் கொண்டு கேட்டுச் சென்றால் குடிவழி பிழையின்றி அமையும் என்பது அவர் கண்ட வழி. மாமன் மகளை மணப்பதும் அக்கா மகளை மணப்பதும் வழக்கமாயிருந்த இவ்வட்டாரத்தில் இவ்வழி இன்றியமையாதது. ஒரே ஆள் ஆயாவுக்குத் தம்பியாகவும் மருமகனாகவும் இருக்கக்கூடும், இரு வரிசையிலும் எழுதினால் உறவினர் எண்ணிக்கை தவறும்.

இந்த வரிசையில் விடுபடுவோர் இரு வகையினர். முதல் வகை, பிறந்து தங்காத பிள்ளைகள். பெற்றது எட்டு, தங்கியது ஐந்து என்று மூதாட்டிகள் தாமே எண்ணிச் சொல்வார்கள். ஆனால் குடும்பத்தார் தரும் பட்டியலில் ஐவர் மட்டுமே இருப்பர். அந்த மூவரின் இடத்தைக் கேட்டறிந்தால்தான் பிள்ளைகளிடையே உள்ள நீண்ட இடைவெளிகளுக்குக் காரணம் புலப்படும், தாயின் முதல் பேற்று வயதும் சரியாக அமையும். அச்சில் அவர்களைக் குறிப்பதா வேண்டாமா என்பதைக் குடும்பம் தீர்மானிக்கட்டும். கேட்காமல் விடுவது, பத்து மாதம் சுமந்தவளுக்குச் செய்யும் அநீதி. இரண்டாம் வகை, பெண் வழிப் பேரப்பிள்ளைகள். மகன்வழிப் பேரர்களின் பெயரும் படிப்பும் பணியும் விரிவாக எழுதப்பட்டு, மகள்வழியினர் ‘மற்றும் பேரப்பிள்ளைகள்’ என்ற தொடருக்குள் அடங்கிவிடுவதைப் பழைய பத்திரிகைகளில் பரவலாகக் காணலாம். ஆயாவைக் கடைசி ஆண்டுகளில் பார்த்துக்கொண்டவர் மகளாக இருக்கும் வீட்டில் இது கண்ணில் உறுத்தும். தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்குண்டு என்று சொல்லிவிட்டது; பத்திரிகையின் பெயர் வரிசை அந்த இடத்துக்கு வந்து சேர மேலும் பல ஆண்டுகள் ஆயின.

வயது பற்றிய சிக்கல் ஏழைக் குடும்பங்களுக்கு மட்டும் உரியதென்று எண்ண வேண்டியதில்லை. கோயம்புத்தூர் மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த இயற்கை வேளாண் முன்னோடி பாப்பம்மாள், சிறுவயதில் பெற்றோரை இழந்து பாட்டியிடம் வளர்ந்து, மளிகைக் கடை நடத்திச் சேர்த்த பணத்தில் நிலம் வாங்கிப் பயிரிட்டு, தங்கையின் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். ரங்கம்மாள் என்ற பெயரும் அவருக்கு உண்டு. 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 105 என்று செய்திகள் கூறின. 2024 செப்டம்பர் 27 அன்று அவர் மறைந்தபோது சில செய்திகள் 108 என்றும் சில 109 என்றும் எழுதின. நாடே அறிந்த ஒருவருக்கு இந்நிலை என்றால், செவ்வாப்பேட்டையின் நாற்றங்காலில் வாழ்நாளைக் கழித்தவருக்கு எப்படியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. உலகிலேயே மிக நீண்ட ஆயுள் கொண்டவராக ஏற்கப்பட்ட பிரான்சு நாட்டு ழான் கல்மான், ஆர்ல் நகரில் 1875 பிப்ரவரி 21 அன்று பிறந்து 1997 ஆகஸ்ட் 4 அன்று மறைந்தார் என்பதும், அவர் வாழ்ந்தது 122 ஆண்டு 164 நாள் என்பதும் பிறப்புப் பதிவும் அடுத்தடுத்த குடிக்கணக்குகளும் இருந்தமையால் நாள் பிசகாமல் கூறப்படுகின்றன. அவருடைய வயதையும் ஐயுற்றவர்கள் உண்டு; ஐயுறுவதற்கும் விடையளிப்பதற்கும் ஆவணங்கள் இருந்தன என்பதே வேறுபாடு. பாப்பம்மாளின் வாழ்வில் ஓராண்டு கூடினாலும் குறைந்தாலும் அவர் உழுத நிலத்தின் பெருமை குறையாது. ஆயினும் சரியான ஆண்டைத் தேடுவது அவருக்குச் செலுத்தும் மரியாதையின் ஒரு பகுதி.

புகைப்படத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பல மூதாட்டிகளுக்குத் தனிப்படம் இராது. பேரன் திருமணத்தில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து முகத்தை வெட்டியெடுக்க வேண்டும், இல்லையேல் அடையாள அட்டையின் மங்கிய சிறுபடத்தைப் பெரிதாக்க வேண்டும். முன்பு நெகட்டிவ் மீது பென்சிலால் செய்த திருத்தத்தை இப்போது கணினி செய்கிறது. பட்டுப்புடவையும் நகையும் சேர்த்துத் தரும்படி கேட்போர் மிகுதி. கணவருக்கு முன்னே மறைந்தவருக்குப் பெரிய குங்குமப் பொட்டு வைக்கச் சொல்வதும், கைம்பெண்ணாக நெடுநாள் வாழ்ந்தவருக்குத் திருநீறு மட்டும் போதும் என்பதும், அவருக்கும் பொட்டு வைத்தே ஆக வேண்டும் என்று பேத்திகள் வாதிடுவதும் கடையில் நிகழும். உடையிலும் பொட்டிலும் குடும்பத்தின் விருப்பமே முடிவு. முகத்துச் சுருக்கங்களை அழிப்பதையும் முன்கையின் பச்சைகுத்தை மறைப்பதையும் மட்டும் நல்ல தொழிலாளி எடுத்துச் சொல்லித் தடுக்க முயல வேண்டும். கொள்ளுப்பேத்தி பின்னாளில் தேடப்போவது அந்த முகத்தையும் அந்தக் கையையுமே.

தொழிற்பேட்டை நகரமான கும்மிடிப்பூண்டியில் ஈழத்தமிழர் முகாம் இருப்பதால், திருவள்ளூர் மாவட்டத்து அச்சுக் கடைகளுக்கு இன்னொரு மரபும் அறிமுகமானது. யாழ்ப்பாண வழக்கில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையின்போது வழங்கப்படும் நினைவு நூலுக்குக் கல்வெட்டு என்று பெயர். இறந்த ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றைச் செய்யுளில் அடக்கிய திதி வெண்பா, வாழ்க்கை வரலாறு, குடிவழி, தேவார திருவாசகப் பாடல்கள், பிள்ளைகளின் புலம்பல் என்று அதற்கு வரையறுத்த அமைப்பு உண்டு. இலங்கையில் பிறப்புப் பதிவு 1860-களின் இறுதியிலேயே ஒழுங்குபடுத்தப்பட்டதால், அங்கிருந்து வந்த அம்மம்மாமார் பலருக்குப் பிறந்த தேதி தெளிவாகத் தெரியும். போரிலும் இடப்பெயர்விலும் சான்றிதழை இழந்தவர்கள்கூடத் தேதியை மனத்தில் வைத்திருப்பர். அவர்களுக்கு எழுதக் கடினமானது வேறு: பிள்ளைகள் வாழும் ஊர்கள். கொழும்பும் டொரண்டோவும் இலண்டனும் பாரிசும் கும்மிடிப்பூண்டியும் ஒரே பக்கத்தில் வரும். இருக்குமிடம் தெரியாத பிள்ளையின் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று வீட்டார் நெடுநேரம் பேசாமல் இருப்பதுண்டு. கல்வெட்டின் செறிந்த அமைப்பு இவ்வட்டாரத்து மலர்களுக்கும் நல்ல முன்மாதிரி என்பதில் ஐயமில்லை, குறிப்பாக வாழ்க்கை வரலாற்றுக்கு அது தரும் இடத்தில்.

ஏனெனில் இங்குள்ள மலர்களில் அப்பகுதிதான் மிக வறியது. அன்பே உருவானவர், பாசத்தின் சிகரம், குடும்பத்தின் குலவிளக்கு என்ற அடைமொழிகள் யாருக்கும் பொருந்தும் என்பதாலேயே எவரையும் காட்டுவதில்லை. அவற்றுக்குப் பதிலாக, எந்த ஏரிப்பாசன நிலத்தில் நாற்று நட்டார், செங்கல் சூளையில் கல் சுமந்தாரா, முதல் வண்டியில் கீரையும் பூவும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குச் சென்று விற்றாரா, கொத்தவால் சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறிய பிறகு அந்த வியாபாரம் என்ன ஆனது, ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலைகள் வந்தபின் மகன்களை வயலிலிருந்து எப்படி மாற்றினார், அமாவாசைதோறும் திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் எவருடைய நோய்க்காக வெல்லம் கரைத்தார், புட்லூர் அம்மனுக்கு எந்த மருமகளின் பிள்ளைப்பேற்றுக்காக வேண்டிக்கொண்டார் என்று எழுதினால், நான்கு பக்கத்தில் ஒரு பெண்ணும் அவர் வாழ்ந்த நூற்றாண்டும் சேர்ந்து தெரியும். இக்கேள்விகளுக்கான விடைகள் பிள்ளைகளிடம் அரைகுறையாகவே இருக்கின்றன. அந்தியில் வீடு திரும்பிய தாயின் களைப்பை அவர்கள் அறிவார்கள், பகலில் அவர் செய்த வேலையை அறியமாட்டார்கள்.

அண்மைக் காலத்தில் சில குடும்பங்கள் எண்பதாம் ஆண்டு நிறைவிலோ, கொள்ளுப்பேரன் பிறந்த மகிழ்ச்சியிலோ, மூதாட்டி உயிரோடிருக்கும்போதே மலர் வெளியிடத் தொடங்கியுள்ளன. மெய்ப்பு, அதாவது பிழை பார்ப்பதற்கான முதல் அச்சுப்படி, அவருக்கே வாசித்துக் காட்டப்படுகிறது. வாசிக்கக் கேட்கும் ஆயாமார் தம்மைப் பற்றிய புகழுரைகளை அமைதியாகக் கடந்துவிட்டு, கழனியின் பெயர், காளையின் நிறம், சம்பந்தி வீட்டு ஊர், இறந்துபோன அண்ணன் மனைவியின் பெயர் ஆகியவற்றை வரிக்கு வரி திருத்துகிறார்கள். பிறந்த ஆண்டு என்ற இடத்துக்கு வரும்போது அவர்களும் ஒரே எண்ணைச் சொல்வதில்லை. ஆகவே அத்தகைய மலர்களில் 1936-37, தாது வருஷம், அறுவடைக் காலம் என்று மூன்று குறிப்புகளும் சேர்த்தே அச்சிடப்படுகின்றன.